ரத்தத்துக்குள்ள எறங்குன களைக்காரிங்க

எலவனாசூர்கோட்டைப் பக்கம் மல்லாட்ட, அதான் வேர்க்கடலக் கொல்லையில களை எடுக்கப் போற பொண்ணு ஜெயசுதா. பத்தாவதோட படிப்பு நின்னுபோச்சு. ஆனா போன்ல விஞ்ஞானக் கதை படிக்கறதுன்னா உசுரு. மத்தியானம் சோறு தின்னுட்டு மத்தவங்க கண்ணசர்ற நேரத்துல, கட்டவிரலாலயே தட்டித் தட்டி ஒரு முழுக் கதை எழுதிட்டா. யாரு செய்வா சொல்லுங்க!

கதை இன்னான்னா, கண்ணுக்கே தெரியாத ஆயிரம் ரோபோ ஒரு பொம்பள ரத்தத்துக்குள்ள எறங்கி, நோவ வேரோட புடுங்குதுங்க. அதுங்களுக்கு அவ வெச்ச பேரு 'களைக்காரி'.

காசிநாதன் சாரு இந்தப் பக்கத்து ஆளுங்க எழுதுன கதையெல்லாம் சேத்து ஒரு புக்கு போட்டுக்கினு இருந்தாரு. இவ கதைய வாங்கிப் படிச்சிட்டு போன் பண்ணாரு. "ஏம்மா, உலகமே நானோபாட்னு சொல்லுது. இது இன்னா களைக்காரி? சிரிப்பாங்க."

அவளுக்கு சுருக்குனு இருந்துச்சு. ஆனாலும் மொத மொத அச்சுல வரப்போற கதையாச்சே! "சரிங்க சார்"னுட்டா.

அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துட்டுப் போன்னு திருக்கோவிலூர் அச்சாபீஸுக்குக் கூப்ட்டாரு. போயி படிச்சா. பேரு மட்டுமா மாறியிருந்துச்சு? அவ கதையில ஒரு களைக்காரி பழுதாயி பின்தங்கிடும். பக்கத்து வரிசைக்காரி திரும்பி வந்து, அதோட வரிசையையும் சேத்து எடுத்துக் குடுக்கும். கொல்லையில அப்பிடித்தான், ஒருத்திய வுட்டுட்டு யாரும் கரையேற மாட்டாங்க. சாரு அத அடிச்சிட்டு, மத்த நானோபாட்டுங்க பழுதானதப் பிச்சி ஸ்பேர் பார்ட்ஸா எடுத்துக்கிச்சுன்னு எழுதி வெச்சிருந்தாரு.

"யாரக் கேட்டு சார் பிச்சீங்க?"

"மிஷினும்மா அது. மிஷினுக்கு இன்னா பாசம்?"

"பாசம்னு எவ சொன்னா? அது வேல! ஒரு நாளாவது வெயில்ல குந்தி களை எடுத்திருக்கீங்களா? உங்களுக்கு முட்டி புடிச்சிக்கினா உங்களப் பிச்சி பங்கு போட்டுக்கலாமா?"

கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பிரவீன்குமார் சிரிப்ப அடக்க முடியாம இருமுனான்.

"கோவப்படாதம்மா. அந்த எடத்த வேணா பழையபடி வெச்சிடறேன். பேரு நானோபாட்டாவே இருக்கட்டும்."

"நேத்து வரிக்கும் சரின்னேன் சார். இப்ப பேரும் வேணும். நானோபாட்னு வெச்சதாலதான உங்களுக்குப் பிக்கத் தோணுச்சு? களைக்காரின்னா கை வந்திருக்குமா?"

"அப்ப புக்குல வராது."

"வராட்டி போவுது! அழிங்க!"

பிரவீன்குமார் சாரு மூஞ்சியப் பாத்தான்.

"அவர இன்னா பாக்கற? என் கதைதான? அழி!"

அவ கதை எட்டு பக்கமும் கம்ப்யூட்டர்லேர்ந்து அழிஞ்சி போற வரிக்கும் அங்கியே நின்னா. அதுக்கப்புறந்தான் படி எறங்குனா.