விண்கப்பலில் ஒரு ‘நீங்கள்’

காவலாளியின் கையிலிருந்த விளக்கு தரையைத் தடவிக்கொண்டே வரும். குழாய்களுக்குப் பின்னால் குந்தியிருக்கும் எங்கள் நாயகியின் காலணி நுனியில் அந்த வெளிச்சம் பட்டால் போதும், கப்பல் முழுக்கச் சங்கு அலறும். பிறகு எல்லாம் முதலிலிருந்து. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையைப் பார்த்த ஒரு மாடி அறையில், வெயில் திரையில் விழாமலிருக்க ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்க, அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நான் கழித்த மதியங்களை நினைத்தால் இப்போதும் கண் எரிகிறது. பக்கத்து நாற்காலியில் மதாம் இருப்பார். சங்கு ஓயும் வரை காத்திருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “திரும்பப் போடும்மா” என்பார். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, உற்சாகமும் இருக்காது.

வெளிநாட்டில் தயாராகும் வீடியோ கேம்களின் பிரெஞ்சுப் பதிப்பைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பிரெஞ்சு படித்தவர்கள் புதுச்சேரியில் கிடைப்பார்கள் என்பதால் யாரோ இங்கே அலுவலகம் போட்டிருந்தார்கள். திரையில் வரும் எழுத்தில் பிழை இருக்கிறதா, பேசுகிற குரல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். விளையாடுவதற்கா சம்பளம் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஒரே கதவைத் திறந்து, ஒரே கிழவரிடம் பேசி, ஒரே பள்ளத்தில் விழுந்து, மறுநாளும் அதையே செய்தவர்களுக்குத்தான் தெரியும், விளையாட்டு என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் காலியாகிவிடும் என்று. மாலையில் பஸ்ஸில் ஏறினால் யாரோடும் பேசப் பிடிக்காது.

மதாம் எங்கள் குழுவுக்குத் தலைவி. பல வருடம் வீட்டில் பிரெஞ்சு டியூஷன் எடுத்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் மதாம்தான். நகரத்தில் பல தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த தாயை நெடுங்காலம் பார்த்துக்கொண்டு, அந்த அம்மா போன பிறகு ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த வேலைக்கு வந்தவர். முழங்கால் வலி உண்டு. காலையில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, ஏதோ போன் வந்ததுபோலக் கைப்பையைத் துழாவுவார். வலியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

அந்த கேமில் நாயகி சரக்கு விண்கப்பல் ஓட்டும் பெண். முதன்மைக் கதை வேறு. அதற்கு வெளியே, விருப்பம் இருந்தால் செய்து பார்க்கும் சின்ன வேலைகளை சைடு குவெஸ்ட் என்பார்கள். அப்படி ஒன்றில், நாயகியின் சொந்த அக்கா ஒரு சிறைக்கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருப்பாள். ஒரு காவலாளியின் கண்ணிலும் படாமல் போய் அவளை மீட்க வேண்டும். சண்டை போட்டும் மீட்கலாம், ஆனால் அப்போது அக்கா சொல்வது வேறு வரி. யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்தால்தான் அவள் அந்த இன்னொரு வரியைச் சொல்வாள். அதை எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் மொழி படித்தவர்கள், கை தேர்ந்த ஆட்டக்காரர்கள் இல்லை. கடைசி அறைக்கு நேராகப் போக, கேமைத் தயாரித்தவர்கள் ஒரு குறுக்கு வழி கொடுத்திருந்தார்கள். அதில் போனால் பிடிபட்டுத்தான் வந்தோம் என்று கேம் எடுத்துக்கொள்ள, பழைய வரியையே அக்கா சொன்னாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “மதாம், ஒரே ஒரு வரி. கேட்டாச்சின்னு போட்டு அனுப்பிடுங்க. எவன் அந்த வழில போயி முடிக்கப் போறான்?”

“கேக்காம எப்டி சார் கேட்டேன்னு போடறது?” என்றார் மதாம். வாதம் செய்கிற தொனி இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் சொன்ன எல்லாவற்றையும் போல இதுவும் களைப்பாகவே வந்தது. மேலாளர் தோளைக் குலுக்கினார். வெள்ளிக்கிழமைக்குள் முடியவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் நான்தான் ஆடினேன். என் விரல் வேகமானது, பொறுமைதான் கிடையாது. விளக்கு திரும்பி விட்டது என்று தோன்றியதுமே ஓடுவேன். அடுத்த வளைவில் தரை துடைக்கிற இயந்திரம் ஒன்று நிற்கும், அது கத்திக் காட்டிக்கொடுக்கும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே போனது. ஒருமுறை கடைசிக் கதவு கண்ணில் படுகிற தூரம் வரை போய், தும்மல் வந்து விரல் தவறி மாட்டிக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பொம்மைக் கப்பலுக்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு மதாம் கையை நீட்டினார். “இங்க குடு, நான் பாக்கறேன்.” கட்டைவிரல் மூட்டில் தைலம் தடவியிருந்தார், அறையெல்லாம் அந்த வாசனை. அவர் ஆடியதை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. பெரும்பாலும் சும்மா இருந்தார். குழாய்க்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, காவலாளி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மறுபடி ஒரு சுற்று போய்வரும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். “இப்போ போலாம் மதாம்” என்று நான் பதறுவேன். “இருக்கட்டும்மா. ஒளிஞ்சி நிக்கறதுல எனக்கு என்னா அவசரம்?” என்பார். அவரும் பல தடவை மாட்டினார். மாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சற்று உட்கார்ந்திருப்பார், பிறகு மறுபடி. கீழே சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. டீ வந்து ஆறிப்போனது.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்ட நேரத்தில் அந்தக் கடைசிக் கதவு திறந்தது. சங்கு இல்லை, சத்தமே இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள். மற்ற மேஜைகளில் இருந்தவர்களும் எழுந்து எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் கை தட்டினோம். மதாம் தட்டவில்லை. அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். பிரெஞ்சில் ‘நீ’க்கு ‘த்யூ’ என்று ஒரு சொல், ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றுதான். மொழிபெயர்த்தவருக்கு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வாக்கியம் மட்டும் போயிருக்க வேண்டும். நடித்த பெண்ணும் கொடுத்ததை அப்படியே பேசியிருந்தாள். அழகான குரல். ஆனால் வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல இருந்தது.

“கூடப் பொறந்த தங்கச்சியப் பாத்து யாராவது நீங்கன்னு சொல்லுவாங்களா?” என்றேன்.

“சொல்லுவாங்க,” என்றார் மதாம்.

மற்றவர்கள் கலைந்த பிறகு, ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு லாத்தா உண்டு. அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிரான்சுக்குக் கட்டிக்கொடுத்துப் போனவர். சிறு வயதிலிருந்து அக்காவும் தங்கையும் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வது வழக்கம், பெரியவர்களுக்குப் புரியாமல் ரகசியம் பேச. அம்மா இறந்தபோது லாத்தா விமானம் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. “எங்கள்ல வச்சிருக்க மாட்டோம்மா. காலைல போனாங்க, பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகைக்குள்ள எடுத்துட்டோம். நான் ஒருத்தி என்னா பண்ணுவேன்? எனக்காக வச்சிருக்கக் கூடாதான்னு லாத்தா கேட்டுது. அதுக்கப்புறம் போன் பண்ணா எனக்கு ‘வூ’தான். நல்லா இருக்கீங்களா, உடம்ப பாத்துக்குங்க. சண்ட போட்டாக்கூடப் பரவால்லன்னு இருக்கும்.”

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைப் பற்றித் தயாரிப்பாளர்களுக்கு எழுத உட்கார்ந்தார். பதில் மறுநாளே வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். நடிகையை மறுபடி கூப்பிட்டுப் பதிவு செய்ய இயலாது, கீழே ஓடும் எழுத்தை மட்டும் மாற்றுகிறோம் என்றார்கள். கேம் அப்படியே வெளிவந்தது. எழுத்து ‘நீ’ என்கிறது, குரல் ‘நீங்கள்’ என்கிறது. மதாம் படித்துவிட்டு, “சரி, அடுத்தத எடு” என்றார்.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. சரிபார்க்கிற வேலையை இயந்திரமே செய்கிறது என்றார்கள். எனக்கு வேறு வேலை, வேறு திரை, அதே கண் எரிச்சல். மதாமை வருடக்கணக்கில் பார்க்கவில்லை. சென்ற மாதம் பெரிய மார்க்கெட்டில், மீன்காரர்களைத் தாண்டி வெளியே வரும் வழியில், கைத்தடியோடு நின்றிருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சற்றுத் தள்ளி, அவர் சாயலிலேயே இன்னும் மூத்த பெண்மணி ஒருவர் கனத்த பையுடன் நின்றிருந்தார்.

“லாத்தா,” என்றார் மதாம் தணிந்த குரலில். “என்ன பாத்துக்க வந்துருக்கு.”

எப்படி என்று என் முகமே கேட்டிருக்க வேண்டும். அவரே சொன்னார். “ஒரு நாளு போன் வந்துது. எப்பவும் போல பிரெஞ்சுல நலம் விசாரிச்சிது. எனக்கு அன்னிக்கி ஒரே அசதி. பிரெஞ்சுல பேச வாய் வரல, தமிழ்லயே பதில் சொன்னேன். அப்புறம் அதுவும் தமிழ்ல பேசிச்சி. தமிழ்ல என்னைய ‘நீ’ன்னு தவிர வேற மாதிரி கூப்ட அதுக்கு வரல.”

“அம்மா விஷயம் பேசினீங்களா?”

“இல்ல. அது அப்படியேதான் கெடக்குது.” கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேருமே களைத்திருந்தார்கள்.

லாத்தா அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஏண்டி, காலு வலிக்குதுன்னு சொல்லிட்டு இவ்ளோ நேரம் நிக்கிறியே. நீ வரியா, நான் போவட்டா?”

“வரேன்,” என்று சொல்லிவிட்டு மதாம் மெதுவாக நடந்தார். பாதி வழியில் வலி வந்து நின்றார். கைப்பையைத் துழாவவில்லை. அக்கா வந்து கையைப் பிடிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தார்.