ஜீப்புக்கு ஐந்தே காலே அரைக்கால்

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் நடந்தது இது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில் சாந்தோம் பக்கம் குடியிருந்தோம். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர், மவுண்ட் ரோட்டில் பெரிய மோட்டார் கம்பெனி ஒன்றில் பத்து வருஷமாகப் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அடையாறு போகிற வழியில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் ஆரம்பித்திருந்தார். நல்ல வேலையை உதறிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன, என் முகத்துக்கு நேராகவே பேசினார்கள்.

கொட்டகைக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு ஜீப். ராணுவம் கழித்துப் போட்டதை எங்கள் பங்குக் கோயில் ஆஸ்பத்திரிக்காக ஃபாதர் வாங்கியிருந்தார். மருந்துப் பெட்டிகளும் இரண்டு சிஸ்டர்களும் ஏறிக்கொண்டு, அடையாற்றுக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பங்களுக்குப் போய்வர வேண்டும். ரோடு பாதியிலேயே நின்றுவிடும், அப்புறம் மணல்தான். பிரசவ வலி எடுத்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிற ஊர்கள் அவை.

மணலில் புதையக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒரு பழைய ராணுவ லாரியின் பெரிய டயர்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டு ஓரத்தை வெட்டி, நான்கையும் மாட்டினார். ஜீப் மிடுக்காக நின்றது. நொச்சிக்குப்பம் மணலில் சோதித்துப் பார்க்க, சுமை ஏற்றிக்கொண்டு எல்லாருமாகப் போனோம். பத்து கெஜம் போவதற்குள் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினால் மறுபடி நின்றது. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள்.

"இன்னா சாமி, எங்க கட்டுமரத்துக்குக் கீற சுறுசுறுப்பு கூட இதுக்கு இல்லியே" என்று ஒருத்தி ஃபாதரிடமே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

ஃபாதர் நல்லவர். அதனால்தான் அவர் மெதுவாகச் சொன்னது இன்னும் வலித்தது. "சனிக்கிழமை காலையில நானே வரேன் தம்பி. அன்னிக்கும் ஏறலைன்னா, கமிட்டியில வண்டிய உங்க பழைய கம்பெனிக்கே அனுப்பச் சொல்லிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்குத் திங்கட்கிழமை. விட்டுவந்த இடத்துக்கே வண்டி போனால் அப்புறம் எந்த முகத்தோடு கொட்டகையைத் திறப்பது? என் வீட்டுக்காரர் கார்புரேட்டரைக் கழற்றினார், மாட்டினார், சாப்பாட்டைத் தொடவில்லை. கொட்டகையில் அவருக்கு வலது கையாக ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் பிளக்கு, வால்வு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை காப்பி கொடுக்கும்போது கேட்டேன்: "முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு? நீங்க எதை மாத்தினீங்க?"

"டயரைத் தவிர ஒண்ணையும் தொடலை" என்றார் எரிச்சலாக.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். அதே எஞ்சின், அதே பல் சக்கரம். அப்படியானால் ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டும். சைக்கிளில் பின்பக்கப் பல்வட்டம் சின்னதாக இருந்தால் மேட்டில் மிதிக்க முடியாமல் மூச்சு வாங்குமே, அந்தக் கதைதான். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அளந்தேன். பழைய டயரின் குறுக்களவு இருபத்தொன்பது அங்குலம், புதியது முப்பத்திரண்டு. ஆக்ஸிலுக்குள் எட்டுப் பல் உள்ள சின்னச் சக்கரம், முப்பத்தொன்பது பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். முப்பத்தொன்பதை முப்பத்திரண்டால் பெருக்கி இருபத்தொன்பதால் வகுத்தேன். நாற்பத்து மூன்று, மயிரிழை கூட.

"எட்டுக்கு நாற்பத்து மூணு பல் வேணும். அதாவது எஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட் ஐந்தே காலே அரைக்கால் சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து" என்றேன். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று.

வீட்டுக்காரர் தானும் ஒரு தரம் வகுத்துப் பார்த்தார். பிறகு, சண்டைக்குப் பின்னால் வந்த புது மாடல் ஜீப்பில் அந்தக் கணக்கில்தான் கியர் வருவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி செய்கிற கம்பெனிக்காரன் போட்ட எண்ணை, கீற்றுக் கொட்டகையில் நின்று கடுகு தாளிக்கிற நேரத்தில் நானும் போட்டிருக்கிறேன்.

அந்த மாடலில் விபத்தில் நசுங்கிய வண்டி ஒன்று ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பழைய இரும்புக் கொட்டகையில் கிடப்பதாக மேஸ்திரிக்குத் தகவல் கிடைத்தது. புதன்கிழமை பள்ளி விட்டதும் நானும் மேஸ்திரியும் குதிரை ஜட்காவில் போனோம். வீட்டுக்காரர் எங்கள் ஜீப்பின் ஆக்ஸிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கணக்கு என்னுடையது, நானே பார்த்தால்தான் ஆச்சு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இரும்புக் கொட்டகைக்காரர் விலை பேசி முடிக்காமல் ஆக்ஸிலைத் திறக்க விடமாட்டேன் என்றார். வெளியிலிருந்து பார்த்தால் பழைய மாடலும் புது மாடலும் ஒன்று போலவே இருக்கும். பரவாயில்லை, சுற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றேன். மேஸ்திரி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, ஷாஃப்டைப் பார்க்க அடியில் படுத்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"ரெண்டரைக்கு மேல கொஞ்சம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஐந்தே காலே அரைக்கால் எங்கே, இரண்டரை எங்கே. இது வேறு எதனுடைய ஆக்ஸிலோ, ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேஸ்திரி வெளியே வருவதற்குள் விறுவிறுவென்று போய் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கணக்கு விஷயத்தில் எனக்குத் திமிர் ஜாஸ்தி என்று வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜட்கா பக்கத்தில் நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, ஒரு சுத்தோட போயிக்கினே கீற? அந்தாண்ட சக்கரம் தரையில குந்திக்கினு கீது. நீ சுத்துறது ஒண்டியாத்தான் சுத்துது. அப்ப பாதிதான் உள்ள போவும். ரெண்டு சுத்து சுத்தினாத்தான் உள்ள பெரிய பல்லு ஒரு சுத்து வரும். எறங்குமா."

ஜட்காக்காரர் என்னைப் பார்த்தார். இரும்புக் கொட்டகைக்காரர் பார்த்தார். கன்னம் எரிந்தது. சரிபாதி. நான் தேடி வந்த எண்ணின் சரிபாதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், எனக்கு உறைக்கவில்லை. "நேரமாச்சு, போகலாம்" என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் மேஸ்திரி மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்.

இறங்கினேன். சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவர் நிதானமாக எண்ணினார். "அஞ்சு. அப்பறம் காலு. அதுக்கு மேல இத்தினியூண்டு." போய்க் குனிந்து பார்த்தேன். அந்த இத்தினியூண்டுதான் அரைக்கால்.

பின்னால் மட்டும் வாங்கினால் போதாது, முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கு இல்லாவிட்டால் மணலில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உடைத்துவிடும் என்று சொன்னதும் மேஸ்திரிதான். முன்பக்கத்தையும் அதே மாதிரி சுற்றிப் பார்த்து, இரண்டையும் வாங்கி வந்தோம். வியாழனும் வெள்ளியும் அவர்கள் இரண்டு பேரும் பொருத்தினார்கள்.

சனிக்கிழமை காலை ஃபாதரும் சிஸ்டர்களும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். ஆற்றைத் தாண்டித் தெற்கே போய், ரோடு முடிகிற இடத்தில் மருந்துப் பெட்டிகளோடு சிஸ்டர்களும் ஏறிக்கொள்ள, என் வீட்டுக்காரர் வண்டியை மணலில் இறக்கினார். மேஸ்திரி மண்வெட்டியோடு பின்னாலேயே நடந்தார். எனக்கு ஜெபம்கூட வரவில்லை, வாய் நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஜீப் அவசரப்படவே இல்லை. ஒரே சீராக உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. மேஸ்திரி ஓட ஆரம்பித்தார், பிறகு முடியாமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டின மட்டும் போய், குப்பத்தைத் தொட்டுவிட்டு வண்டி திரும்பி வந்தது. மூத்த சிஸ்டர் இறங்கும்போது தலைமுக்காடெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு.

ஃபாதர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். இவரோ கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார்: "கணக்கு இவங்க போட்டது ஃபாதர். அதைச் சரியாச் சுத்திப் பார்க்க வெச்சது மேஸ்திரி. நான் மாட்டினேன், அவ்வளவுதான்." அந்தக் காலத்தில், நாலு பெரிய மனிதர்கள் முன்னால், ஒரு ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியைப் பற்றி இப்படிச் சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஜீப் ஒரு பிள்ளைத்தாச்சியைக் குப்பத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். அதற்குப் பிறகு எவ்வளவோ கணக்குப் போட்டிருக்கிறேன், எவ்வளவோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால், அன்றைக்கு வெட்கத்தோடு ஜட்காவிலிருந்து கீழே இறங்கியதைத்தான் சொல்வேன்.