ஷாக் அடிக்காது என்று சொல்லமாட்டேன்

ஒரே ஒரு புனேயிலே, கேம்ப் பஜாரிலே, ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்ததாம்; அதற்குக் கைப்பிடி ஒன்று, மாட்டிக் கழற்றுகிற தலை, அதாவது பிட், பன்னிரண்டாம். அதை விற்கிற ஹார்டுவேர் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். பொருளை எடுத்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் பாதி வேலைதான். வாங்குபவருக்குக் கேட்கப் பிடிக்காததைச் சொல்வது மீதிப் பாதி. கவுண்டரில் நின்று கால் கடுத்த உங்களுக்குத் தெரியாததா?

வீடியோ அண்ணன்

மென்பொருள் கம்பெனிக்காரர் ஒருவர், சென்னைப் பக்கத்துக்காரர், இங்கே வாங்கிய புது ஃபிளாட்டில் சுவிட்சுகளைத் தானே மாற்றப் போவதாகச் சொல்லி அந்தப் பன்னிரண்டு பிட் செட்டை எடுத்தார். "சார், கைப்பிடிதான் ரப்பர். தண்டும் பிட்டும் வெறும் இரும்பு. மெயினை அணைச்சிட்டு, கரண்ட் இல்லைன்னு டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு வேலை செஞ்சா இதுவே போதும். அணைக்காம இதைக் கொண்டுபோய் வைக்காதீங்க" என்றேன். என் குரல் தணிந்த குரல். ஃபேன் சத்தத்தில் போயிருக்குமோ என்று இன்னொரு தரமும் சொன்னேன். அவருக்கு முதல் தரமே கேட்டிருந்தது.

"மெயினை அணைச்சா வைஃபை போயிடும்பா. வீடியோவில ஒரு அண்ணன் அணைக்காமத்தான் செய்யறாரு."

அங்கேயே நின்ற பிட்

செல்வராஜ் அண்ணன் புனேக்குப் பக்கத்துச் சாகணில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். இங்கேயே பிறந்தவர், அவர் தமிழுக்கு நடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் லீவில் இருந்த அன்று, எங்கள் முதலாளி சேட்டிடம் இதே செட்டை வாங்கிப் போயிருக்கிறார். தொழிற்சாலை மின்பேனலுக்குள் ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் கையை இழுத்தால், தண்டு மட்டும் வந்ததாம். பிட் ஸ்க்ரூவிலேயே நின்றுவிட்டது. அதைப் பிடித்து வைப்பது குட்டிக் காந்தம் ஒன்றுதானே. நழுவி உள்ளே கரண்ட் ஓடுகிற இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவில் விழுந்திருந்தால் பேனலோடு அவர் முகமும் வெந்திருக்கும்.

செட்டைக் கவுண்டரில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை.

"உங்க சேட் பக்கா ஷாக் அடிக்காதுன்னாரு, நம்பிட்டேன். இனிமே நீ ஹான்னு சொன்னாத்தான் தம்பி, எதையும் வாங்குவேன்."

ஸ்டிக்கர்

செட் திரும்பி வந்ததில் சேட் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: வாயால் சொன்னால் போதாது, அச்சடித்து ஒட்ட வேண்டும். 'ஷாக் அடிக்காது' என்று இந்தியில் ஒரு சுருள் ஸ்டிக்கரோடு வந்தார். எல்லாப் பெட்டியிலும் ஒட்டு, கேட்பவர்களிடமும் அதையே சொல், முடியாதென்றால் நாளையிலிருந்து வராதே என்றார். வீட்டில் சம்பளக்காரன் நான் ஒருவன்தான். சுருளை வாங்கி ஓரமாக வைத்தேன்.

அப்போது தளேகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, முதல் வேலைக்குக் கருவி வாங்க வந்தவள். பன்னிரண்டு பிட்டைக் காட்டி, "பய்யா, கரண்ட் இருக்கும்போது இதை வைக்கலாமா?" என்று இந்தியில் கேட்டாள். சேட் என்னையே பார்த்தார்.

"கூடாது" என்றேன். நுனி மட்டும் விட்டு, தண்டு முழுக்கக் கரண்ட் கடத்தாத உறை போட்ட ஸ்க்ரூடிரைவர்களை அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு முத்திரையான இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தன. "முதல்ல மெயினை அணைக்கிறதுதான் வழி. அதுக்கு மேலயும் பாதுகாப்பு வேணும்னா இது."

"அரே, ஒரு ஸ்டிக்கர்தானே, ஒட்டினா கை தேஞ்சிடுமா?" என்றார் சேட்.

பல்ப் எரிகிறதா என்று பார்க்கக் கடையில் ஒரு போர்டு உண்டு. அதைக் காட்டினேன். "சேட், சுவிட்சைப் போடறேன். இந்தத் தண்டைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே ஒரு தரம் ஹோல்டருக்குள்ள வச்சுக் காட்டுங்க. எல்லாப் பெட்டியிலும் இப்பவே ஒட்டிடறேன்." குரல் உயரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருந்தது. அவளும் சேட்டைப் பார்த்தாள்.

சேட் போர்டைப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். அவள் உறை போட்டதில் இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். பிறகு சேட் ஸ்டிக்கர் சுருளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சு."

ஒரு மணிக்குக் கடையை மூடிச் சாப்பிடப் போகிற இந்த ஊரில், அன்று பதினொன்றரைக்கே பசியெடுத்துப் போன முதலாளியிடம்தான் நான் இன்னமும், ஒரு பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டாமல், வேலை பார்க்கிறேன்.