பெல் எயாரில் வந்த மாப்பிள்ளை

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். என்னுடையவரின் வீடு நாலு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தது. நடந்து வந்திருந்தால் தலைப்பாகைகூடக் கலைந்திராது. அவரோ பெல் எயாரில்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, அந்த அமெரிக்கக் காரைக் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுப்பித்தார்.

எங்கள் சாய்ந்தமருதின் குறுகிய ஒழுங்கைக்குள் அது திரும்புமா? எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் மதிலோடு முட்டிக்கொண்டு நின்றது. என் வாப்பாவும் அண்ணன்மாரான காக்காமாரும் புதுச்சட்டையோடு அதைத் தள்ள, மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கூட்டத்துக்கு வரலாறு சொன்னார்.

"ஐம்பதுகள்ல இதுதான் உச்சம். வருசா வருசம் கம்பனிக்காரன் முகத்த மாத்துவான். ஐம்பத்தேழுல பின்னுக்கு மீன் மாதிரிச் செட்டை வெச்சான். பெற்றோல் மூடியும் அந்தச் செட்டைக்குள்ளதான் ஒளிஞ்சிரிக்கி, பாருங்க!"

பிறகு இதற்கு மேலே வேறு மொடல் வந்து, பெல் எயார் டாக்ஸி ஓடும் நிலைக்கு இறங்கிய கதையை அவர் யாருக்கும் சொல்வதில்லை. அதை நானே போனில் தேடிப் படித்தேன்.

இன்றைக்கும் விருந்தாளி வந்தால், கல்யாணப் படத்தைக் காட்டிச் செட்டையிலிருந்து தொடங்குவார். போன கிழமை வந்த ஒருவர் இடையில் புகுந்து, "வீடு வடிவாரிக்கி, ஆரு கட்டின?" என்று கேட்டார். வாப்பா சவூதி வெயிலில் லொறி ஓட்டிக் கட்டி, எனக்குச் சீதனமாகத் தந்த வீடு.

"இதா?" என்றார் இவர். "இது நான் வரக்குள்ளயே இரிந்த."