ஐயம்பேட்டை போலோ கிளப்பின் சிவப்புச் சட்டை

இன்று காலை புதுத் துண்டை அலசியபோது வாளித் தண்ணீர் சிவந்தது. ஐயம்பேட்டை ஏரி ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளில் அங்கே ஒரு சைக்கிள் போலோ கிளப் இருந்தது. குதிரைக்குப் பதில் சைக்கிள், கையில் மூங்கில் மட்டை. அப்பாதான் கேப்டன். ஆற்காட்டு அணியிடம் தோற்றால், வறண்ட ஏரித் தரையைக் கபடிக்காரர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு முடிந்திருந்தது.

அத்தை பட்டுக்குச் சாயம் போடுகிறவள். அதே பட்டுச் சாயத்தில் எங்கள் அணியின் பருத்திச் சட்டைகளையும் முக்கியெடுத்தாள்.

"நிக்குமாக்கா?" என்றார் அப்பா.

"கல்யாணப் புடவையிலயே நிக்குது. உன் சட்டையில நிக்காதாடா?"

நிற்கவில்லை; பட்டுச் சாயம் பருத்தியில் பிடிக்காது. ஆட்டம் சமமாக இருந்தபோது தூறல் விழுந்து சாயம் ஒழுகியது. மோதி உரசியதில் ஆற்காட்டாரின் வெள்ளைச் சட்டைகளிலும் அது ஏறியது. எல்லோரும் ஒரே ரோஸ் நிறமானார்கள். ஆற்காட்டு அணியில் ஒருவர், தம் ஆளென்று நினைத்து அப்பாவிடம் பந்தைத் தள்ளினார். அப்பா கோல் அடித்தார்.

"எங்க ஆளுன்னு நெனச்சிக்கினு குடுத்துட்டேன், இது செல்லாதுபா!" என்று அவர் நடுவரிடம் கத்தினார்.

கூட்டத்திலிருந்து அத்தை எழுந்தாள். "சாயம் எங்களுது. பூசிக்கினவங்க எல்லாம் எங்க ஆளுங்கதான்!"

நடுவர் சிரித்துக்கொண்டே கோலுக்கு விசில் ஊதினார்.