மாநிறம் என்று சொன்ன வாய்

வாசகரே, நீர் அன்று அந்தச் சபை மண்டபத்தில் இல்லை. இருந்தவர்கள் அனைவரும் எனக்கு வேண்டியவர்கள். அவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள். ஆகையால் உம்மையே சாட்சியாக நிறுத்துகிறேன். கேளும்; எனக்காகப் பரிந்து பேசாதேயும்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஆராதனைக்கோ வாலிபர் கூட்டத்துக்கோ வந்து, பெண்கள் வரிசையில் இருப்பவளை ஓரக்கண்ணால் பார்த்துச் செல்வார்கள். பிடித்திருந்தால் பிறகு ஆள் வரும். என் அக்காளை அவ்விதம் பார்த்துப்போனவர்கள் எவரும் ஆள் அனுப்பவில்லை. அவள் கறுப்பு. நானும் கறுப்புதான்; ஆனால் என்னை எவரும் வெளிச்சத்தில் நிறுத்தி எடைபோட்டதில்லை.

அன்று தக்கலையிலிருந்து ஒரு தாயார் தம் மகனுக்கு என் அக்காளைப் பார்க்க, நான் பேசவிருந்த கூட்டத்துக்கே வந்திருந்தார். மேனியின் நிறத்தால் மாந்தரில் ஏற்றத்தாழ்வு உண்டா என்பது தர்க்கப் பொருள். இல்லை என்பது என் கட்சி. வாக்கியத்துக்கு வாக்கியம் கரவொலி எழுந்தது. செருக்கு என் தலைக்கேறியது.

எதிர்க்கட்சியில் என் பள்ளித் தோழன் எழுந்தான்.

"மக்கா, நீ பேசுகது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நிறம் ஒண்ணுமில்லண்ணா ஒங்க அக்காளை எதுக்குடே இன்னும் ஒருத்தனும் கெட்டல்ல?"

மண்டபம் சிரித்தது. கறுப்புதான், அதனால் என்ன என்று கேட்டிருந்தால் என் கட்சி அங்கேயே வென்றிருக்கும். நானோ மேசையைத் தட்டி முழங்கினேன்:

"என் அக்காள் கறுப்பல்ல! மாநிறம்!"

எல்லாத் தலைகளும் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பின. பின்னர் எழுந்த சிரிப்பை நான் எழுத விரும்பவில்லை. அக்காள் தலை குனியவில்லை. கறுத்த கை எல்லோருக்கும் தெரியும்படி முந்தானையை முழங்கைக்கு மேலே ஒதுக்கிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, சம்பந்தம் பேசிய எங்கள் சபை உபதேசியார் வந்தார். தக்கலைத் தாயாருக்கு நிறம் முன்னமே தெரியுமாம். அதில் அவருக்குக் குறையில்லையாம்.

"கண்ணுக்குத் தெரியுகதையே மறைக்கப் பாக்கிய குடும்பம், தெரியாததை எவ்வளவு மறைச்சிருக்குமோண்ணு அந்த அம்மை பயப்படுகா" என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடியாமல் எழுந்து போனார்.

அம்மை அழுதாள். அக்காள் அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஏலே, கறுப்பிண்ணு ஊரு சொல்லும்போ எனக்கு வெக்கம் வந்ததில்ல" என்றாள், கிழங்கை விட்டுக் கண்ணெடுக்காமல். "நீ அல்லண்ணு சொன்னியே, அப்பந்தான் வந்துது."

"அடுத்த கூட்டத்தில அதே மேடையில ஏறி, சொன்னது பொய்யிண்ணு சொல்லுகேன், அக்கா."

"அதுக்கும் எல்லாரும் கைதட்டுவினும். ஒனக்குக் கொள்ளாம்."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. பிறகு, அம்மைக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்:

"மேடை வேண்டாம். நாளைக்குத் தக்கலைக்குப் போறேன். அந்த அம்மையிட்ட, எங்க வீட்டில யாரும் ஒண்ணையும் மறைக்கல்ல, அக்காளுடைய நிறத்துக்கு வெக்கப்பட்டவன் நான் ஒருத்தன்தான்னு சொல்லுகேன். அவங்க சம்மதிச்சாலும் இல்லேண்ணாலும் சொல்லுகேன்."