அரிசி வாளிக்குள் ஒளித்த கடிதம்

எண்பதுகளில், சுவிஸின் பேர்னில் அகதி விசாரணைக்குக் காத்திருந்த காலம். அதிகாரிகளிடம் அனுமதி எடுக்காமல் ஒல்லாந்திலிருந்த அக்காவிடம் போய், அங்கே ரயிலில் கைப்பையைத் தவறவிட்டேன். அதற்குள் என் விலாசமும் அம்மாவின் ஒரேயொரு படமும் இருந்தன.

சில நாளில் ஒல்லாந்திலிருந்து கடிதம் வந்தது. உறையில் பொலிஸ் முத்திரை. ஊரில் பொலிஸ் தேடிவந்து கூட்டிப்போன ஆட்கள் திரும்பியதில்லை. உடைக்காமலே அரிசி வாளிக்குள் ஒளித்தேன். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் ஓடினேன்.

மூன்று மாதத்தின் பின் கணவர் அதைக் கண்டுபிடித்தார். ஒல்லாந்து மொழி தெரிந்த அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, கடிதத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“எடி விசரி, உன்ர பை அவையளிட்டக் கிடக்காம். ரெண்டு மாதத்துக்குள்ள கேட்டால் அனுப்புவினமாம்!”

கெடு கடந்திருந்தது. அம்மாவின் படம் போனது போனதுதான்.

இப்போது எந்தக் கடிதத்தையும் தபால் பெட்டியடியிலேயே நின்று உடைக்கிறேன். கை நடுங்கும். நடுங்கட்டும்.